திரும்பிப் படுத்த காந்தம்

மார்ச் 3, செவ்வாய்

பல் கட்டும் லேபில் இன்று மேல்தாடைப் பல்செட் இரண்டு, கீழ்த்தாடை ஒன்று. கீழ்த்தாடைக்காரர், "ரொம்ப வெள்ளையா வேணாம்மா, வயசுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மஞ்சளாவே போடுங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார். நியாயமான மனுஷன். மற்றவர்கள் எல்லாம் இருபது வயதுப் பல் கேட்டு என் உயிரை எடுக்கிறார்கள்.

சாயங்காலம் வழக்கம்போல அத்தானின் டயர் கிடங்கில் ஒத்திகை. அக்கா பாட்டு, அவள் வீட்டுக்காரரான அத்தான் டிரம்ஸ், நான் கிட்டார். பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுவர். வருவான், சுவரோரம் நிற்பான், வாசிப்பான், போவான். அவன் குரல் எப்படியிருக்கும் என்று அவனைப் பெற்றவளைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் பாட்டுக்கே அக்கா, "சுருதிய அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்றாள். போன மாதம்தான் அரைக் கட்டை இறக்கினோம். அதற்கு முந்தின மாதமும். இப்படியே போனால் கிணற்றுக்குள் உட்கார்ந்துதான் பாட வேண்டும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

டீ குடிக்கும்போது அக்கா ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "இருபத்தெட்டாம் தேதி ஓட்டல் ப்ரோக்ராம் முடிஞ்சதும் நான் நிறுத்திக்கறேன்டி. குரல் போயிடுச்சு. கத்திக் கத்திப் பாடினாலும் எனக்கே கேக்கமாட்டேங்குது. வயசாச்சுல்ல."

பேப்பர் போடுகிறவரை நிறுத்தச் சொல்கிற மாதிரி சொல்கிறாள்! என்னைக் கிட்டார் எடுக்கவைத்ததே இவள்தான். இவள் பாடாத குழுவில் எனக்கு என்ன வேலை? நாற்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா? அத்தான் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 4, புதன்

இதையே யோசித்துக்கொண்டு யாருடைய கடைவாய்ப் பல்லையோ முன்வரிசையில் வைத்துவிட்டேன். நல்லவேளை, மெழுகு அச்சில்தான்.

அக்கா குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாத்திரம் கழுவும்போது பாடுகிறாளே, அடுத்த தெருவரை கேட்கிறது. பிறகு கிடங்கில் மட்டும் ஏன் கேட்பதில்லை? — கிட்டார்! என் சிவப்பி. நான் வாங்கும்போதே அவள் பழசு. தந்திகளுக்கு அடியில் இருக்கும் இரண்டு காந்தப் பெட்டிகள், அதாவது பிக்கப், அவைதான் சத்தத்தைப் பிடித்து ஆம்பிளிஃபயருக்கு அனுப்புகின்றன. சிவப்பியின் பிக்கப் இரண்டும் கிழட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி சதா 'ம்ம்ம்' என்று முனகும். அந்த முனகலில்தான் அக்கா அமுங்கிப் போகிறாள். சிவப்பியைச் சரிசெய்தால் அக்கா நிறுத்த மாட்டாள். அவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் வயசு அது இது என்று!

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அக்காவுக்குத் தொண்டை சரியில்லன்னா கிட்டாருக்கு ஆபரேஷனா?" என்றார். இவருக்கு எல்லாமே கிண்டல்.

மார்ச் 7, சனி

கிட்டார் கடை. கடைக்காரர் ஒரு ஜோடி பிக்கப்பை வெல்வெட் துணியில் வைத்து நகை மாதிரி நீட்டினார்.

"இத மாட்டிப் பாருங்க மேடம். சிங்கம்."

"முனகுமா?"

"சிங்கம் எங்கயாவது முனகுமா? கர்ஜிக்கும்."

மயங்கிவிட்டேன், வேறென்ன. பிக்கப் ஜோடி, சுருதி சேர்க்கும் சாவிகள் ஒரு செட் (பழையவை பிடியே இல்லாமல் நழுவுகின்றன), தந்திகள் உட்கார புதுப் பிரிட்ஜ் ஒன்று. கழுத்து முனையில் தந்திகள் படியும் சின்னத் துண்டு ஒன்று உண்டு, அதையும் பிளாஸ்டிக்கில் காட்டினார். அதை மட்டும் வேண்டாம் என்றேன். ஊரார் வாய்க்கெல்லாம் பல் ராவுகிறவளுக்கு ஒரு துண்டு எலும்பு ராவத் தெரியாதா?

மார்ச் 8, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் அறுவை சிகிச்சை. தந்திகளைக் கழற்றி, முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினால் உள்ளே ஒரே வயர்க் கந்தல். எனக்கு முன் இதை யாரோ ஆத்திரத்தில் பற்றவைத்திருக்கிறார்கள். எந்த வயர் எங்கே என்று போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு, சால்டரிங் அயனால் ஒவ்வொன்றாக விடுவித்தேன். புதியதைப் பற்றவைத்தபோது ஈயம் சொட்டு சொட்டாகப் பளபளவென்று உட்கார்ந்தது. கை நடுங்கவே இல்லை. நான் யாரு!

வீட்டுக்காரர் மட்டும் புலம்பிக்கொண்டே இருந்தார். "இந்த வீட்ல ஸ்க்ரூ டிரைவர் தேடினா கூடை நிறைய கிடைக்குது, ஒரு ஸ்பூன் தேடினா கிடைக்கல." சொல்லிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தவர் துள்ளி எழுந்தார். காணாமல்போன சாவித் திருகாணி அங்கேதான் இருந்தது.

நாலு மணிக்கு எல்லாம் மாட்டி, ஆம்பிளிஃபயரைப் போட்டேன். அப்பாடா, துளி முனகல் இல்லை! ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. மாடியில் குடியிருப்பவர் எட்டிப் பார்த்தார். சிரித்துக் கையாட்டினேன். அவர் கையாட்டவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஒத்திகை. சிங்கம் கர்ஜித்தது. அக்காவை முழுங்கிவிட்டது.

முதல் பாட்டிலேயே அவள் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவதில், "இன்னும் அரைக் கட்டை..." மூன்றாவது பாட்டில் பாதியிலேயே நிறுத்திவிட்டு இருமினாள். போதாக்குறைக்கு, சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியதும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் 'வீல்' என்று அலற ஆரம்பித்தது. சுவர்கூட ஒரு அடி நகர்ந்து நின்றான்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல? உன் கிட்டார் ஜோரா இருக்குடி. எனக்குத்தான் முடியல" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ச்சே. எவ்ளோ ஆசையாப் பண்ணினேன். யாருக்காகப் பண்ணினேன்?

மார்ச் 11, புதன்

கீழ்த்தாடைக்காரர் செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். ரொம்ப மஞ்சளாக இருக்கிறதாம்.

மார்ச் 13, வெள்ளி

அலறலுக்குக் காரணம் கிடைத்தது. பிக்கப்புக்குள் சுற்றியிருக்கும் முடி போன்ற கம்பி இறுக்கமாக இல்லாவிட்டால், சத்தம் ஏறும்போது அது தானும் சேர்ந்து ஆடும். அதுதான் அந்த 'வீல்'. மருந்து: உருக்கிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். மெழுகு உள்ளே புகுந்து கம்பியை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

மெழுகு! இந்த ஊரிலேயே என்னைவிட மெழுகு அதிகமாக வைத்திருக்கிறவள் யார்? அதுவும் சூடு ஒரே அளவில் நிற்கிற தொட்டியோடு!

மதிய இடைவேளையில் வேலையை ஆரம்பித்தேன். கழற்றிக் கொண்டுவந்திருந்த பிக்கப்பின் மேல்மூடியைத் திறந்து, அடித்தகட்டுத் திருகாணிகளைத் தளர்த்தினேன். உள்ளேயிருந்த காந்தப் பட்டை வழுக்கிக்கொண்டு மேஜையில் விழுந்தது. சாக்லேட் துண்டு மாதிரி இருக்கிறது. துடைத்து, இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, மொத்தத்தையும் தொட்டியில் இறக்கினேன். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. பார்க்கவே திருப்தியாக இருந்தது.

அப்போது பார்த்து முதலாளி வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். "இது யாரோட பல்லு?"

"சிங்கத்தோடது சார்."

சரி என்று தலையாட்டினார். பிறகு போய்விட்டார். இதனால்தான் இந்த வேலையை நான் விடுவதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

கழுத்து முனைக்கு எலும்புத் துண்டை ராவி, ஆறு வரிப்பள்ளம் போட்டு, பல் மாதிரியே மெருகேற்றினேன். இனிமேல் யாராவது சிவப்பி சிரிக்கிறாள் என்று சொன்னால் நம்பலாம். மெழுகுக் குளியல் போட்ட பிக்கப்பையும் மாட்டியாயிற்று. அது தனியாக: அலறல் இல்லை. மற்றது தனியாக: பிரமாதம். இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்ப்பதற்குள், "மேஜையக் காலி பண்ணினா சாப்பிடலாம்" என்று ஒரு குரல். தட்டும் கையுமாக நிற்கிறார், பாவம்.

மார்ச் 17, செவ்வாய்

ஐயோ.

நான் எப்போதும் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துத்தான் வாசிப்பேன், ஸ்விட்ச் நடுவில். இன்றும் அப்படித்தான் வைத்தேன். வந்த சத்தம் இருக்கிறதே... தகர டப்பா. மூக்கடைத்தவன் போனில் பேசுகிற மாதிரி. அடிக்குரலே இல்லை. சத்தத்தை ஏற்றினால் பெரிய தகர டப்பா. ஒன்றைத் தனியாக வைத்தால் சரியாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் இப்படி. கழற்றிப் பார்க்க நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். என் சிங்கம் கொசுவாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்கா முதல் பாட்டை முழுசாகப் பாடினாள். இரண்டாவதையும். மூன்றாவதில் அந்த மேல் ஸ்தாயி இடம், போன வாரம் இருமினாளே, அங்கே போய் நின்றாள். நின்று, சும்மா ஜம்மென்று இறங்கி வந்தாள். அத்தான் டிரம்ஸில் ஒரு அடியைத் தவறவிட்டு அவளையே பார்த்தார். "இன்னிக்குத் தொண்டை நல்லாருக்குல்ல? காலைல தேன் சாப்பிட்டேன், அதான்" என்றாள்.

தேனாம்! சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ ஒத்திகை முழுக்க என் சத்தத்தை நினைத்தே வெந்துகொண்டிருந்தேன். எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 18, புதன்

பிடித்துவிட்டேன்.

வீட்டுக்காரரின் சாவிக்கொத்தில் ஒரு குட்டித் திசைகாட்டி தொங்கும். தெருமுனைக் கடைக்கும் ஆபீசுக்கும் தவிர எங்கும் போகாத மனுஷனுக்கு அது எதற்கு என்று பல நாள் கேட்டிருக்கிறேன். இன்று அதை இரண்டு பிக்கப்பின் மேலும் காட்டிப் பார்த்தேன். ஒன்றில் முள் இந்தப் பக்கம். மற்றதில் நேர் எதிர்ப்பக்கம்.

மெழுகில் முக்கும்போது விழுந்ததே, அந்தக் காந்தம்! தலைகீழாகச் செருகியிருக்கிறேன். இரண்டு முகமும் ஒரே மாதிரி இருந்ததில் ஏமாந்துவிட்டேன். தனித்தனியாக வாசித்தால் வித்தியாசமே தெரியாது. சேர்த்தால்தான் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். தடிமனான சத்தமெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காலியாகி, மிச்சம் மீதிதான் வெளியே வரும். பல்லைத் திருப்பி வைத்தார்கள் என்று லேபில் எத்தனை பேரை வாய் கிழியத் திட்டியிருப்பேன்! தலையில் தட்டிக்கொண்டேன். திறந்து, காந்தத்தைப் புரட்டி வைத்தால் முடிந்தது. சனிக்கிழமை செய்துவிட வேண்டும்.

பி.கு. திசைகாட்டி இப்போது வடக்கைத் தெற்கு என்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மார்ச் 21, சனி

கேபிள் ஒன்றைத் திருப்பித் தர அத்தான் வந்தார். மேஜையில் சிவப்பி வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தாள், சால்டரிங் அயன் சூடாகிக்கொண்டிருந்தது.

"என்ன, மறுபடியும் திறந்துட்டே?"

காந்தக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கேபிளை மேஜையில் வைத்துவிட்டு, போய் அயனின் ஸ்விட்சை அணைத்தார்.

"மாத்தாதே."

"என்ன அத்தான், தகர டப்பா மாதிரி இருக்கு!"

"இருக்கட்டுமே. அவ குரல் கேட்டுச்சுல்ல? உன் சத்தமும் அவ சத்தமும் ஒரே எடத்துல நின்னு முட்டிக்கிட்டிருந்துச்சு. போன செவ்வாக்கெழமதான் நீ கொஞ்சம் தள்ளி நின்ன." அப்புறம் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லாதே. ரொம்ப நாளா அவகிட்ட சொல்லிட்டுதான் இருக்கேன், தங்கச்சிய சத்தம் குறைக்கச் சொல்லுன்னு. 'அவ ஆசையா வாசிக்கறா, அவ மனசு நோகும். என் குரல் போச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது, விடுங்க'ன்னுட்டா."

அவர் போய்விட்டார்.

அடிப்பாவி. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கூடப்பிறந்தவதானே நான்? 'கொஞ்சம் குறைச்சுக்கோடி'ன்னா குறைச்சிருக்க மாட்டேனா? — மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். அதனால எனக்காகப் பாட்டையே விட்டுட்டுப் போகப் பாத்திருக்கா. நான் என்னடான்னா அவளைக் காப்பாத்தறேன்னு கடையில போய்ச் சிங்கத்தை வாங்கிட்டு வந்து நிக்கறேன்!

அழுதேன். வீட்டுக்காரர் பயந்துபோய், "சுட்டுக்கிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். பர்னால் களிம்பு கொண்டுவந்து கொடுத்தார். போட்டுக்கொண்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

காந்தத்தைத் தொடாமல் சிவப்பியை மூடிவிட்டேன். ஒரு திருகாணி மீந்துவிட்டது. எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

கடைசி ஒத்திகை. அக்கா பாடும்போது ஸ்விட்ச் நடுவில், தகர டப்பா. ஆனால் இப்போது கேட்டால் அவ்வளவு மோசமில்லை. அவள் குரலுக்குப் பின்னால் ஓரமாக, சன்னமாக, ஒழுங்காக நடந்து வருகிறது. நாலாவது பாட்டில் நான் தனியாக வாசிக்கும் இடம் வரும்போது ஸ்விட்சை ஒரு பக்கம் தள்ளினேன். பிக்கப் ஒன்று மட்டும். சிங்கம் வந்தது, கர்ஜித்தது. முடிந்ததும் ஸ்விட்சை நடுவுக்குத் தட்டிவிட்டேன், சிங்கம் கூண்டுக்குள். அக்கா அடுத்த வரியை எடுத்தாள். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது! இத்தனை நாள் இந்த ஸ்விட்ச் என் கையிலேயேதான் இருந்தது.

அக்கா அரைக் கட்டை இறக்கச் சொல்லவில்லை. ஆனால், "சனிக்கிழமையோட நிம்மதி" என்று அத்தானிடம் சொன்னது காதில் விழுந்தது. ஆக, முடிவில் மாற்றமில்லை போலிருக்கிறது. கேட்கலாமா? கேட்டால் அத்தானைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். வாயைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 28, சனி

ஓட்டல் புல்வெளி. மேஜைகளில் மெழுகுவத்தி, மேலே கொசு. எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை, கரண்டிச் சத்தம்தான் பெரிதாக இருந்தது. அக்கா முதல் பாட்டைத் தொடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டிச் சத்தம் குறைந்தது. மூன்றாவது பாட்டில், ட்ரே ஏந்திப் போய்க்கொண்டிருந்த சர்வர் ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். சூப் ஆறிப்போயிருக்கும். அந்த மேல் ஸ்தாயியில் அக்கா நின்றபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது, இரண்டு தந்தியைத் தப்பாக அடித்தேன். யாருக்குக் கேட்டது? என் சிங்கம்தான் கொசுவாயிற்றே.

என் இடம் வந்தபோது ஸ்விட்சைத் தள்ளினேன். கை தட்டினார்கள். ஆகா, அதையும் எழுதிவைக்க வேண்டாமா.

முடிந்ததும் வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏய், கிட்டார்ல என்னமோ பண்ணிட்டே. எனக்கு என் குரல் கேக்குது."

"நான் ஒண்ணும் பண்ணல. உள்ள இருக்கிற காந்தம் திரும்பிப் படுத்துடுச்சு."

"அப்படியா? நல்லாத் தூங்கட்டும். எழுப்பாதே."

என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மைக் ஸ்டாண்டை மடிக்கப் போனாள். நிறுத்துவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

நிகழ்ச்சி முடிந்த வாரம் ஒத்திகை கிடையாது. அக்காவிடமிருந்து போனும் இல்லை. போனை மேஜையில் வைத்துக்கொண்டு ஆறு முன்பல் செய்தேன். ஆறும் என்னைப் பார்த்து இளித்தன.

ஏப்ரல் 7, செவ்வாய்

போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே இருந்து, தாமதமாகத்தான் கிடங்குக்குப் போனேன். மைக் ஸ்டாண்ட் விரித்து நிற்காவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவது என்று முடிவு.

ஸ்டாண்ட் நின்றது. அக்கா டயர்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். "மணி என்னடி ஆச்சு? மகாராணிக்கு ஆள் அனுப்பணுமா?" என்றாள். அத்தான் டிரம்ஸுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

வயரைச் செருகினேன். ஸ்விட்ச் நடுவில். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதற்கு அத்தான் எண்ணத் தொடங்கும்போது அக்கா கையைத் தூக்கினாள்.

"அரைக் கட்டை..."

பழக்கத்தில் என் விரல் ஒரு கட்டம் கீழே இறங்கிவிட்டது.

"...ஏத்திக்கலாமா?"

அத்தான் என்னைப் பார்த்தார், நான் அத்தானைப் பார்த்தேன். அப்போது சுவரோரத்திலிருந்து, இதுவரை நான் கேட்டேயிராத, அழகான, கணீரென்ற ஒரு குரல் வந்தது.

"ஒரு கட்டையே ஏத்தலாம்க்கா."

ஏற்றினோம். அந்தச் சுருதியில் எனக்கு விரல் வைக்காமல் வாசிக்கிற திறந்த தந்தி ஒன்றுகூடக் கிடையாது, பாட்டு முழுக்க ஆட்காட்டி விரலைக் குறுக்கே அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை எழுதும்போதுகூட விரல் வலிக்கிறது. நன்றாக வலிக்கட்டும்.